ஒன்பதாவது சுவர்

தர்சிகாவை வாயில்லாப் பூச்சி என்று அவளுடைய தாய் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். தர்சிகாவுக்கு அதில் ஒரு சிறிய ஆட்சேபனை இருந்தது. பூச்சிகள் பொழுதுபட்டால் சத்தம் போடும். அவள் அதுவும் போடுவதில்லை.

பத்தாம் வகுப்பில் ஒருநாள் காலைப் பிரார்த்தனையில் நற்சிந்தனை வாசிக்கச் சொல்லி அவளை மேடையில் ஏற்றினார்கள். ஒலிவாங்கிக்கு முன்னால் அவள் வாயைத் திறந்தாள். காற்று மட்டும் வந்தது. ஒலிபெருக்கி நல்ல ஒலிபெருக்கி. அந்தக் காற்றையும் ஒழுங்காகப் பெருக்கியது. முழுப் பாடசாலையும் எழுந்து நின்று அவளுடைய மூச்சை நாற்பது வினாடி கேட்டது. அடுத்த நாள் அவளுக்குக் காய்ச்சல். அதற்கடுத்த நாளும் காய்ச்சல். மூன்றாம் மாதம் வகுப்பு வரவு இடாப்பில் அவளுடைய பெயரை வெட்டினார்கள். உலகத்திலேயே நீண்ட காய்ச்சல் அதுதான் என்று அவள் நினைத்துக்கொள்வாள். இப்போது நான்கு வருடம் ஆகிறது, இன்னும் விடவில்லை.

அந்தக் காய்ச்சலோடு அவள் வந்து சேர்ந்த இடம் குகதாசனின் கடை. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பலாலி வீதிக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில் இருந்தது. கல்யாணப் பை, சாமத்தியச் சடங்கு வீட்டுப் பை, விளையாட்டுப் போட்டி பெனியன், அழைப்பிதழ் எல்லாம் ஸ்கிரீனில் அடித்துக் கொடுப்பார்கள். வேலை பெரிய மாயமில்லை. மரச்சட்டத்தில் மெல்லிய சீலையை இழுத்துக் கட்டியிருக்கும். எழுத்தும் படமும் உள்ள இடத்தில் மட்டும் சீலை திறந்திருக்கும், மற்ற இடமெல்லாம் அடைபட்டிருக்கும். மேலே மையை ஊற்றி, இறப்பர் வைத்த கட்டையால் ஒரே இழுவை. கீழே வைத்த தாளில் படம் விழும்.

அந்தச் சீலையில் ஒரு தூசு ஒட்டினால் போதும், அந்த இடத்தில் மை இறங்காது. மாப்பிள்ளையின் பெயருக்கு நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு விழும். அதை அடைப்பதுதான் தர்சிகாவின் உத்தியோகம். ஆக மெல்லிய பூச்சிய இலக்கத் தூரிகையை அதே மையில் தொட்டு, மூச்சை அடக்கி, பொட்டை மறைத்துவிடுவாள். பிறகு எங்கே இருந்தது என்று அவளாலேயே கண்டுபிடிக்க முடியாது.

"எங்கடை கடையிலை அடிச்ச பையிலை ஒரு பொட்டு வெள்ளை காட்டுங்கோ பாப்பம்" என்று குகதாசன் வருகிறவர்களிடம் சவால் விடுவார். யாரும் காட்டியதில்லை. அந்தப் பெருமை முழுக்கத் தன்னுடையது என்று பின்னறையில் இருந்து தர்சிகா நினைப்பாள். வெளியே வந்து சொல்ல வேண்டும் என்று யாரும் அவளைக் கட்டாயப்படுத்தாததால், உலகத்தில் அவளுக்குப் பொருத்தமான ஒரே ஸ்டூல் அந்தப் பின்னறை ஸ்டூல்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை பிரகலாதன் வந்தார். கம்பஸில் நுண்கலை படித்தவர், அச்சுவேலிப் பக்கம் ஒரு பாடசாலையில் சித்திரம் படிப்பிக்கிறவர். அரைக் கதவு அகலத்தில் ஒன்பது தடித்த தாள்களைக் கொண்டுவந்து மேசையில் பரப்பினார். எல்லாம் கையால் தீட்டியவை. ஆனால் என்ன தீட்டியிருக்கிறது என்பதுதான் தெரியவில்லை. ஒன்றில் மஞ்சளும் கடல் நீலமும். ஒன்றில் செத்தல் மிளகாய்ச் சிவப்பு. ஒரு மரமில்லை, ஒரு மனிசரில்லை, ஒரு பூசணிக்காய்கூட இல்லை. தர்சிகா பின்னறை வாசலில் நின்று எட்டிப் பார்த்து, 'பாவம், ஒன்றும் சரிவரவில்லை' என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுச் சட்டங்களைக் கழுவப் போய்விட்டாள்.

அவள் திரும்பி வந்தபோது பிரகலாதன் போய்விட்டார். ஒன்பது தாள்களும் காய்கிற அடுக்கில் கிடந்தன. இப்போது அவற்றின் மேல் ஒரு வீட்டுச் சுவர் அச்சாகியிருந்தது. புகைப்படத்தில் இருந்து எடுத்த சுவர், சாம்பல் நிறம். மஞ்சளும் நீலமும் சிவப்பும் அந்தச் சாம்பலுக்குள் புதைந்து போயிருந்தன.

"ஆரின்ரை சுவர் அண்ணை?" என்று கேட்டாள். நாளுக்கு ஒரு கேள்வி அவள் கேட்பதுண்டு.

"அச்சுவேலியிலை மார்க்கண்டு எண்டு ஒரு தோட்டக்காரர். அவரின்ரை வீட்டுச் சுவராம்" என்றார் குகதாசன். "பிரகலாதன் தம்பி மட்டக்களப்புக்குப் பயிற்சிக்குப் போறார். புதன்கிழமை வந்து எடுப்பார். நாளைக்கு எனக்குச் சாவகச்சேரியிலை கல்யாணவீடு. நீ காய்ஞ்சதுகளை எடுத்து அடுக்கி வை."

அடுக்கி வை என்றுதான் சொன்னார். அதற்கு மேல் ஒரு சொல் சொல்லவில்லை. பின்னர் எத்தனை தடவை யோசித்தும் அந்த இடத்தில் குகதாசனில் ஒரு குற்றமும் கண்டுபிடிக்க முடியாதது தர்சிகாவுக்குப் பெரிய கவலையாக இருந்தது.

சனிக்கிழமை காலை முதல் தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். திடுக்கிட்டாள். சுவர் முழுக்கப் பொட்டுகள். சில மிளகளவு, சில புளியங்கொட்டையளவு. அந்த இடங்களில் மை விழாமல், கீழே இருந்த மஞ்சளும் நீலமும் எட்டிப் பார்த்தன. எண்ணினாள். அறுபத்திநான்கு. அடுத்த தாளிலும் அதே இடங்களில் அறுபத்திநான்கு. தூசு பிடித்த சட்டத்தால் குகதாசன் அண்ணை அடித்திருக்கிறார், வாழ்நாளில் இல்லாத மாதிரி, அதுவும் கல்யாணவீட்டு அவசரத்தில்.

பிரகலாதன் ஏன் பழைய ஓவியங்களின் மேல் அச்சடித்தார் என்பதும் அவளுக்குத் தெளிவாகவே விளங்கியது. கடையில் நாள்தோறும் நடக்கிறதுதானே. புதுச் சட்டத்தைப் பழைய கழிவுத் தாளில்தான் இழுத்துப் பார்ப்பார்கள். ஒரு தாளில் ஆறு கல்யாணமும் ஒரு தேர்த்திருவிழாவும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். தாள் விற்கிற விலையில் பிரகலாதன் சேர் தனது பழுதாய்ப்போன படங்களை வீசாமல், மேலே சுவரை அடித்து மறைக்கிறார். மறைக்க வந்த மனிசனுடைய பிழை அறுபத்திநான்கு இடத்தில் வெளியே தெரிந்தால் என்ன மரியாதை?

அன்று அவள் மத்தியானம் சாப்பிடவில்லை. சாம்பலைக் கலந்தாள். சுவரின் மேல்பக்கம் வெயில் பட்டு வெளிறியிருந்தது, அதற்கு ஒரு சாம்பல். கீழ்ப்பக்கம் மழை ஊறிக் கறுத்திருந்தது, அதற்கு இன்னொன்று. ஒவ்வொரு பொட்டாக அடைத்தாள். பொழுதுபடும் நேரத்தில் ஒன்பது சுவர்களும் நேற்றுப் பூசி முடித்தவை போல நின்றன. இதைவிட நன்றாக அவள் எதையும் செய்ததில்லை. வீட்டுக்குச் சைக்கிளில் போகும்போது வாயைத் திறந்து ஒரு பாட்டின் ஒன்றரை வரியைப் பாடினாள் என்றால் அவளுடைய நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம்.

திங்கட்கிழமை காலை கண்காட்சி அழைப்பிதழ் அச்சாகி அவளுடைய மேசைக்கு வந்தது. பிரகலாதன் மட்டக்களப்பில் இருந்து போனில் அனுப்பிய வாசகம். முதல் பிரதியில் பொட்டுத் தேடிக் கொண்டே வாசித்தாள்.

'ஆறு மாதம் நிறங்களைத் தீட்டினேன். அவற்றின் மேல் ஒரு சுவரை அச்சிட்டேன். சுவரில் போர்க்காலத்துத் துப்பாக்கிச் சன்னம் துளைத்த இடங்களில் மட்டும் அச்சு விழவில்லை. என்னுடைய ஓவியம் அந்தத் துளைகளுக்குள் இருக்கிறது. கிட்ட வந்து பாருங்கள். ஒன்பது ஓவியங்கள். வெள்ளிக்கிழமை, மாலை நான்கு மணி.'

அவள் மறுபடி வாசித்தாள். அழைப்பிதழில் ஒரு பொட்டும் இல்லை. பிழை முழுக்க அடுக்கில் கிடந்தது.

ஆறு மாத வேலையை ஒரே நாளில் அழிப்பதற்குப் படையெல்லாம் தேவையில்லை, பத்தாம் வகுப்புத் தாண்டாத ஒருத்தியும் பூச்சிய இலக்கத் தூரிகையும் போதும் என்று அவளுக்குத் தோன்றியது. சன்னம் விழுந்த வீட்டுக்காரர் எல்லாரும் சீமெந்து வாங்கக் காசு தேடித் திரிய, இவள் ஒரு சதம் வாங்காமல் ஒன்பது சுவரைப் பூசிக் கொடுத்திருக்கிறாள்.

உடனே சொல்ல வேண்டும். எழுந்து முன்னறைக்குப் போனாள்.

"அண்ணை."

குகதாசன் கல்குலேற்றரில் இருந்து நிமிர்ந்தார். "என்ன?"

"தேத்தண்ணி போடட்டோ?"

அன்று குகதாசன் ஐந்து தேத்தண்ணி குடித்தார். ஐந்தாவதோடு, "என்ன பிள்ளை, என்னைக் கொல்லப் போறியோ?" என்று கேட்டார்.

சொல்ல முடியாவிட்டால் திருத்த வேண்டும். தின்னரைப் பஞ்சில் தொட்டு ஒரு பொட்டைத் துடைத்தாள். சாம்பல் போனது. கூடவே நீலமும் போய் வெறும் தாள் பல்லைக் காட்டியது. அடுத்ததை அரை பிளேட்டால் மெல்லச் சுரண்டினாள். சாம்பல் சருகு போல உரிந்தது. கீழே மஞ்சள் உயிரோடு இருந்தது. பிளேட் நுழையாத சின்ன ஓட்டைகளுக்குப் பாடசாலைப் பெட்டியில் கிடந்த கவராயத்தை வீட்டில் இருந்து கொண்டுவந்தாள். கணித பாடத்தில் அந்தக் கவராயம் அவளுக்கு ஒருநாளும் உதவியதில்லை.

எங்கே எங்கே ஓட்டை என்பது, சட்டத்தில் படத்தை இறக்க எடுத்த பிலிமில் இருந்தது. பிலிமைப் பார்ப்பதும் சுரண்டுவதுமாக இரண்டரை நாள் போனது. அடைத்தபோது அவள் கை அவ்வளவு சுத்தம். திறக்கும்போது விளிம்புகள் பிய்ந்து, கீறுப்பட்டு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோணலாக வந்தன. அவள் பிறக்க முன்னம் யாரோ தூரத்தில் நின்று ஒரு நிமிடத்தில் செய்த வேலையை அவள் முதுகு நோகக் கிட்ட இருந்து செய்துகொண்டிருந்தாள்.

புதன்கிழமை மத்தியானம் எட்டுச் சுவர்கள் திறந்திருந்தன. ஒன்பதாவதைக் கையில் எடுக்கும்போது வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றது.

பிரகலாதன் முதல் தாளைத் தூக்கிப் பார்த்தார். பெருவிரலால் ஓர் ஓட்டையின் விளிம்பைத் தடவினார். அடுத்ததையும் தடவினார்.

"அண்ணை, நாங்கள் அடிக்கேக்கை விளிம்பு வழுவழுவெண்டு இருந்தது. இப்ப கீறுப்பட்டுக் கிடக்கு."

"மை காயேக்கை உப்பிடித்தான் கொஞ்சம் இழுக்கும் தம்பி" என்றார் குகதாசன், பார்க்காமலே.

"ஒரு நாளும் இழுக்காது."

"இருபத்திரண்டு வருசமா நான் அடிக்கிறன். எனக்குச் சொல்லுறீங்களோ?"

"அப்ப உங்கடை மை கூடாது அண்ணை."

குகதாசனின் முகம் கறுத்தது. அவருடைய மனிசியைப் பற்றி யாராவது குறை சொன்னால் சிரித்துக்கொண்டு கேட்பார். மையைப் பற்றிச் சொல்லக் கூடாது. அவர் எழும்பினார். அதே நேரம் பிரகலாதன் ஒன்பதாவது தாளைத் தூக்கினார். ஓட்டையே இல்லாத சாம்பல் சுவர். அதைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கத்தில் ஓட்டைகள் இருக்கும் என்பது போல.

தர்சிகா இதற்காகக் கழிவுத் தாள்களின் பின்பக்கத்தில் பதினொரு மன்னிப்புகள் எழுதி வைத்திருந்தாள். 'மதிப்பிற்குரிய ஐயா' என்று தொடங்கும் ஒன்றும் அவற்றில் இருந்தது. எல்லாம் ஸ்டூலுக்குக் கீழே கிடந்தன. வாயில் வந்தது வேறு.

"அடைச்சது நான். திறந்ததும் நான்."

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். குரல் எங்கிருந்து வந்தது என்று குகதாசனுக்கு ஒரு கணம் பிடிபடவில்லை.

"ஏன் அடைச்சனீர்?" என்று பிரகலாதன் கேட்டார்.

"உங்கடை பிழையெல்லாம் வெளியிலை தெரிஞ்சுது, சேர்."

"என்ரை பிழையோ?"

"கீழை பழுதாப்போன படம் எண்டு நினைச்சன். தாள் வாங்க வழியில்லாமல் அதுக்கு மேலை அடிக்கிறியள் எண்டு... பாவமாக் கிடந்தது."

குகதாசன் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். சிரிப்பா கோபமா என்று கைக்கு மேலே தெரிந்த கண்களில் கண்டுபிடிக்க முடியவில்லை.

பிரகலாதன் சிரிக்கவில்லை. "ஆறு மாசம்" என்றார். கதிரையில் இருந்தார். மறுபடியும், "ஆறு மாசம்" என்றார். பிறகு எட்டுத் தாள்களையும் தரையில் வரிசையாகப் பரப்பிக் குனிந்து, நெடுநேரம் பார்த்தார். கடைசியில், "உது எட்டும் இருக்கட்டும்" என்றார். ஒன்பதாவதைக் காலால் காட்டினார். "ஒன்பது எண்டு அழைப்பிதழிலை போட்டாச்சு. இதையும் எங்கையாவது கொழுவத்தான் வேணும்."

அவர் போன பிறகு குகதாசன் தர்சிகாவைப் பார்த்துச் சொன்னார்: "வெள்ளிக்கிழமை நீயும் வந்து ஆக்களுக்குத் தேத்தண்ணி குடுக்கிறாய். அதுதான் உனக்கு நல்லா வருமே. மற்ற அலுவலைப் பிறகு பாப்பம்."

மற்ற அலுவல் என்ன என்பது அவளுக்குத் தெரியும். பின்னறை ஸ்டூல். அன்று பின்னேரம் அதை ஈரத் துணியால் துடைத்தாள். அடுத்து வந்து இருக்கிறவள் குறை சொல்லக் கூடாது என்றுதான். துடைத்து முடித்து, மறுபடியும் துடைத்தாள். அங்கே அல்லாமல் வேறு எங்கே போனாலும் முதலில் வாயைத் திறந்து பெயரைச் சொல்ல வேண்டும்.

கண்காட்சி யாழ்ப்பாணத்தில், ஒரு பழைய மண்டபத்தில் நடந்தது. எட்டுச் சுவர்கள் விளக்குக்குக் கீழே வரிசையாகத் தொங்கின. ஒன்பதாவது கழிவறைக்குப் போகிற கதவுக்குப் பக்கத்தில், தண்ணீர்ப் போத்தல்கள் அடுக்கிய மேசைக்கு மேலே. தர்சிகாவின் தேத்தண்ணி மேசையும் அதுதான். குற்றவாளியையும் தடயத்தையும் ஒரே மூலையில் வைத்திருந்தார்கள்.

வந்தவர்கள் எட்டுச் சுவர்களின் முன்னால் நின்று, ஓட்டைகளுக்குள் கண்ணை வைத்து, ஆழமாக ஏதோ கதைத்தார்கள். இவளிடம் வந்தவர்கள், "சீனி குறைச்சுத் தாரும் பிள்ளை" என்றார்கள்.

ஐந்து மணிக்கு மார்க்கண்டு வந்தார். தோய்த்து மடித்த வேட்டி, தோளில் சால்வை, கையில் அழைப்பிதழ். அச்சுவேலியில் இருந்து பஸ்ஸில் வந்தவர் நேரே முதல் படத்துக்கு முன்னால் போய் நின்றார். இரண்டாவதைப் பார்த்தார். எட்டாவது வரை போனார். முகம் வரவரச் சுருங்கியது.

"தம்பி" என்று மண்டபம் முழுக்கக் கேட்கக் கூப்பிட்டார். "நான் உம்மோடை கோவம்."

பிரகலாதன் ஓடி வந்தார். "என்ன ஐயா?"

"எத்தினை வருசமாப் பாத்துப் பாத்துப் புளிச்சுப்போய், நீர் படமெடுத்த அடுத்த கிழமை மேசனைப் பிடிச்சுப் பூசினனான். நீர் திரும்பவும் எட்டுத்தரம் ஓட்டை போட்டு, எனக்கு அழைப்பிதழும் அனுப்பியிருக்கிறீர்."

"ஐயா, அந்த ஓட்டையளுக்குள்ளை பாருங்கோ, நிறங்கள்..."

"ஓட்டைக்குள்ளாலை என்ன தெரியும் எண்டு எனக்கோ சொல்லுறீர்? ஓட்டைக்குள்ளாலை மழை வாறது தெரியும்."

யாரோ சிரித்தார்கள். மார்க்கண்டு சிரிக்காமல் தேத்தண்ணியைத் தேடி மூலைக்கு வந்தார். தர்சிகா கோப்பையை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. அவளுடைய தலைக்கு மேலே பார்த்துக்கொண்டு நின்றார். கிட்டப் போனார். சால்வையைத் தோளில் இழுத்து விட்டுக்கொண்டு, நகத்தால் சாம்பல் சுவரை மெல்லத் தடவினார்.

"இது என்ரை வீடு" என்றார். பிறகு பின்னால் நின்ற பிரகலாதனைப் பார்த்து, "இதைக் கொண்டுவந்து ஏன் கக்கூசடியிலை கொழுவினீர்?" என்று கேட்டார்.

"அது பிழையா வந்தது ஐயா. ஓட்டையெல்லாம் அடைபட்டுப் போச்சு."

"இதிலையோ? ஓட்டை இருந்ததோ?"

"அறுபத்திநாலு இருந்தது" என்று ஒரு குரல் சொன்னது. தன்னுடைய குரல்தான் என்று தர்சிகாவுக்குத் தெரிந்தபோது நேரம் கடந்துவிட்டது. மார்க்கண்டு அவளைப் பார்த்தார். பிரகலாதன் பார்த்தார். சீனி குறைத்துக் கேட்டவர்களும் பார்த்தார்கள். காதுக்குள் அந்தப் பழைய ஒலிபெருக்கி இரைந்தது. ஆனால் வாய் ஏற்கெனவே திறந்து கிடந்ததால், மிச்சத்தையும் விட்டுவிட்டாள்.

"நான்தான் ஐயா பூசினது."

மார்க்கண்டு மறுபடி சுவரோடு முகத்தை வைத்தார். யன்னலுக்குக் கீழே தேடினார், கதவு நிலைக்குப் பக்கத்தில் தேடினார். தன் வீட்டில் எந்த இடத்தில் எது விழுந்தது என்று அவருக்குப் பாடம். ஒன்றையும் காணவில்லை.

"மேசன் பூசினது திட்டுத் திட்டாத் தெரியுது" என்றார் மெதுவாக. "சொறி பிடிச்ச நாய் மாதிரி. வாறவன் போறவன் எல்லாம் உதென்ன, உதென்ன எண்டு கேக்கிறான். நீ எப்பிடிப் பிள்ளை இப்பிடிச் செய்தனி?"

"மேலுக்கு ஒரு சாம்பல், கீழுக்கு ஒரு சாம்பல் ஐயா. வெயில் படுற இடம் வெளிறும்."

"அது அந்த மடையனுக்குத் தெரியேல்லையே!" அவர் கோப்பையை வாங்கி ஒரு மிடறு குடித்தார். "இந்தப் படத்தை நான் கொண்டு போறன் தம்பி. பிழையெண்டால் உமக்கு என்னத்துக்கு? பிள்ளை, நீ திங்கட்கிழமை அச்சுவேலிக்கு வா. முன்சுவர் முழுக்க நீதான் நிறம் அடிச்சுத் தரவேணும். பின்சுவர் இன்னும் பூசவே இல்லை. ஒரு மாச வேலை கிடக்கு."

சமகாலக் கலை அவளுக்குக் கொடுத்த முதல் வாய்ப்பு, ஒரு தோட்டக்காரரின் வீட்டுக்கு வெள்ளையடிப்பது. தர்சிகாவுக்குச் சிரிப்பு வந்தது. அதற்குள் மண்டபத்தின் மறுகோடியில் வடைத் தட்டோடு நின்ற குகதாசன் ஆட்களை விலக்கிக்கொண்டு வந்தார்.

"ஐயா, ஐயா, பொறுங்கோ. திங்கட்கிழமை அவ வரமாட்டா. அவ எங்கடை கடைப் பிள்ளை. எங்களுக்கு ஐந்நூறு கல்யாணப் பை கிடக்கு. வேணுமெண்டால் ஞாயிற்றுக்கிழமையிலை கூட்டிக்கொண்டு போங்கோ."

"ஞாயிறிலை மட்டும் எண்டால் எப்ப முடியிறது?"

"முடியிற நேரம் முடியட்டும். கடையாலை ஆளை விடேலாது."

அவர்கள் இருவரும் அவளுடைய கிழமை நாட்களைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். அவளை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நிலைமை பெரிதாக மாறியிருக்காது. அன்றைக்குரிய வசனங்கள் எல்லாம் முடிந்துவிட்டன. 'கடையாலை ஆளை விடேலாது.' அந்த ஒன்றை மட்டும் அவள் மனதுக்குள் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள்.

வெற்றுக் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டு எட்டுச் சுவர்களின் பக்கமாக நடந்தாள். ஐந்தாவது சுவரில் கால் நின்றது. யன்னலுக்கு வலப்பக்கம் மூன்றாவது ஓட்டையை அவள் திறக்க மறந்திருந்தாள். அந்த ஒன்று மட்டும் வழுவழுவென்று அடைபட்டுக் கிடந்தது. கோப்பைகளை நிலத்தில் வைத்தாள். சுற்றிப் பார்த்தாள். கை தானாகத் துப்பட்டாவில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றியது.

"தர்சிகா!"

பிரகலாதனும் குகதாசனும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.